அரக்கா, கறுப்பா

பழவேற்காடு,
12-2-1984

மனோரமாவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. இங்கே எல்லோரும் நலம். உன்னைத் தவிர எங்களுக்குக் கெடுதல் செய்ய வேறு ஆள் இல்லாததால் நலம்.

கல்யாணம் முடிந்து நாலு நாளாக நான் வாயைத் திறக்கவில்லை. உன் மாமா பயந்துபோய், “இன்னா இந்திராணி, தொண்டையில முள்ளு கிள்ளு மாட்டிக்கினுச்சா?”ன்னு கேட்கிறார். மாட்டியிருப்பது நீ என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

என் ஒரே மகள் கன்னியம்மாவின் கல்யாணத்துக்கு, சித்தி சீர் என்று கறுப்புச் சேலையைக் கொண்டுவந்து வைத்தாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? தேங்காய், பழம், பூ, மஞ்சள், குங்குமம், அதற்கு நடுவில் காக்கா உட்கார்ந்த மாதிரி ஒரு கறுப்புச் சேலை. காகிதத்தைப் பிரித்த சம்பந்தி இருசம்மாள் பந்தலே கேட்கும்படி, “இன்னாமே இது, நீ கல்யாணத்துக்கு வந்தியா, கருமாதிக்கு வந்தியா?”ன்னு கேட்டாள். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாயா? “அரக்குக் கலரு. நானே பாத்துப் பாத்து எடுத்தேன்”னு பல்லைக் காட்டினாய். கன்னியம்மாவின் கண்மை கரைந்து மாலையில் வழிந்தது.

காரணம் எனக்குத் தெரியும். வரிசையில் முதல் தட்டை என் நாத்தனாரிடம் கொடுத்தேன், உன்னிடம் கொடுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாய்.

இனி என் வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் நீ படி ஏற வேண்டாம். நாளைக்குக் கன்னியம்மாவுக்கு வளைகாப்பு வந்தாலும் உன் கையால் ஒரு வளையலும் அவள் கைக்கு ஏறாது.

இப்படிக்கு,
உன்னைவிடக் கால் மணி நேரம் மூத்தவள்,
இந்திராணி


பொன்னேரி,
18-2-1984

கன்னியம்மாவின் தாயார் அவர்களுக்கு,

தாங்கள் அன்போடு அனுப்பிய கடிதம் கிடைத்தது. தங்களைப் போன்ற பெரியவர்கள், அதாவது கால் மணி நேரம் பெரியவர்கள், என் போன்ற சின்னஞ்சிறியவளுக்குக் கடிதம் எழுதியதே பாக்கியம்.

அது அரக்குச் சேலை. பொன்னேரிக் கடைத்தெருவில் வெயிலில் நின்று, நாற்பது சேலையைக் கலைத்துப் போட்டு, கடைக்காரர் என்னைத் திட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போன பிறகும் விடாமல், நானே தொட்டுப் பார்த்து எடுத்தேன். நல்ல பழுத்த அரக்கு. கரையில் ஜரிகை. எனக்கே கட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது, கன்னியம்மாவுக்கு என்று வைத்துவிட்டேன்.

நீ ஒன்றை யோசித்தாயா? நாம் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்து ஒன்றாகப் பிறந்தவர்கள். இடது மூக்கு மச்சம் வரைக்கும் ஒன்று. அம்மாவுக்கே அடையாளம் தெரியாமல் ஒருத்தியை இரண்டு தரம் குளிப்பாட்டிவிட்டு மற்றவளை அழுக்கோடு தூங்க வைத்திருக்கிறாள். (அழுக்கோடு தூங்கியது எப்போதும் நான்தான்.) அப்படியானால் உன் கண்ணும் என் கண்ணும் ஒரே கண்தானே? எனக்கு அரக்காகத் தெரிகிற சேலை உனக்கு எப்படிக் கறுப்பாகத் தெரியும்? ஒன்று, நீ பொய் சொல்கிறாய். இல்லையென்றால் தட்டில் வைத்த பிறகு யாரோ சேலையை மாற்றியிருக்கிறார்கள். முதல் தட்டு யார் கையில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தலில் அத்தனை பேர் நடுவில் நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
மனோரமா


பழவேற்காடு,
27-2-1984

மனோரமாவுக்கு,

கடிதத்தைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். விலாசம்கூடச் சிவப்பு. தபால்காரர் திருவேங்கடம் கையில் கொடுக்கும்போதே, “இன்னாம்மா, வாத்தியார் வீட்டுக் கடுதாசியா? எத்தினி மார்க்கு?”ன்னு கேட்டுவிட்டுப் போனார். உடன்பிறந்தவளுக்குச் சிவப்பு மையில் எழுதினால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறாய்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரே கண் என்று நீயே எழுதிவிட்டாய். ஒரே கண் என்றால் எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது உனக்கும் கறுப்பாகத்தானே தெரிந்திருக்கும்? ஆக, கறுப்பு என்று தெரிந்தே எடுத்திருக்கிறாய். இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சேலையை அடுப்பில் போட்டுவிட்டேன். நன்றாக எரிந்தது.

இந்திராணி


பொன்னேரி,
5-3-1984

இந்திராணிக்கு,

ஊரே படிக்கட்டும் என்றுதான் கார்டில் எழுதுகிறேன். போன கடிதத்தை நான் எழுதியது கறுப்பு மையில். மார்க்கெட் கணக்குப்பிள்ளை எங்கள் மீன் கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன பேனா. இதையும் அதே கறுப்புப் பேனாவால்தான் எழுதுகிறேன். முதலில் சேலை, இப்போது மை. உனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. போய் நல்ல டாக்டரிடம் காட்டு.

என் வீட்டுக்காரர் இந்தக் கார்டை எட்டிப் பார்த்துவிட்டு, “செவப்புதான்டி”ன்னு சொல்கிறார். கோதண்டம் என்றைக்கு என் பக்கம் பேசினார்? உன் கையால் நண்டுக் குழம்பு சாப்பிட்ட நாளிலிருந்து அவர் உன் கட்சி.

எரித்தாயா? எரித்துக்கொள். இனி எழுத மாட்டேன்.

மனோரமா


பழவேற்காடு,
9-7-1984

மனோரமாவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வயிறு எரிகிறது, எழுதுகிறேன்.

என் மகன் வேலு ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் பாஸ் செய்தான். உன் மாமா அதைப் பெருமையாக உன் வீட்டுக்காரரிடம் சொன்னார். அன்றைக்கே பட்டுவிட்டது உன் கண். உடம்புப் பரிசோதனையில் பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள்.

கை நன்றாக இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது, தூரத்துப் பலகையில் கடைசி வரி எழுத்தைக்கூடப் படித்துவிட்டான். அப்புறம் ஒரு புத்தகத்தை நீட்டினார்கள். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள், அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. நான் வாசலில் நின்றே பார்த்துவிட்டேன், எழுபத்துநாலு. இவன் இருபத்தொன்று என்கிறான்! அடுத்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்கிறான். எனக்குத் தாங்கவில்லை. “எழுவத்திநாலுடா, வேலு! நல்லா கண்ணைத் தொறந்து பாருடா!”ன்னு கத்தினேன். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாதாம். நான் பெற்ற பிள்ளைக்கா? எனக்கு எல்லா நிறமும் தெரியும், அவன் அப்பாவுக்கு எல்லா நிறமும் தெரியும். பிறகு யார் வேலை இது? உன் கண்தான். பிள்ளை சாப்பிடாமல் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

கன்னியம்மா முழுகாமல் இருக்கிறாள். “சித்திக்குச் சொன்னியா?”ன்னு தினமும் கேட்கிறாள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்திராணி


பொன்னேரி,
15-7-1984

இந்திராணிக்கு,

என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் முதலில் எங்கள் பக்கத்துக் கடைக்காரன் மேல் போட்டிருப்பேன். என் மீனைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறான், அவன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறான்.

வேலு உன் பிள்ளை மட்டும் இல்லை. உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆறு மாசம் என் மடியில் வளர்ந்தவன். அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று படித்த பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை. இதை நீ நம்பினால் நம்பு.

எதற்கெடுத்தாலும் நான்தான் காரணம். நம்மைப் பெற்ற நைனாவின் படகைக் ‘கிளிப் படகு, கிளிப் படகு’ என்று ஊரே சொல்லிச் சிரித்ததே, அதற்கும் நான்தான் காரணமா? அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. முனையிலிருந்து வால் வரை ஒரே நிறமாக, லட்சணமாகத்தான் பெயிண்ட் அடித்திருந்தார். எல்லோரும் சிரித்தார்களே என்று நானும் கூடச் சிரித்து வைத்தேன். கன்னியம்மா முழுகாமல் இருப்பதை ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ளாமல், நீ திட்டியாவது தெரிந்துகொண்டேன். அதற்கு நன்றி.

மனோரமா


பழவேற்காடு,
2-8-1984

மனோரமாவுக்கு,

உன் கடிதத்தில் நைனாவின் படகைப் பற்றி எழுதியதை மூன்று தரம் படித்தேன். உன் மாமாவிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன். அவர், “இன்னாது, ஒரே நெறமா?”ன்னு கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடியே, நைனாவின் படகு பாதி சிவப்பு, பாதி பச்சை. சிவப்புப் பெயிண்ட் தீர்ந்துபோய், பொன்னேரிக்குப் போய் வேறு டப்பா வாங்கி வந்து மீதியை அடித்தார். அது பச்சை டப்பா. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. அதனால்தான் கிளி. குடித்துவிட்டு அடித்தார் என்று அம்மா சாகும் வரை திட்டினாள். ‘இந்தச் சுப்பராயலு குடிச்சான்னு சொல்றவன் நாக்கு அழுவிப் பூடும்’ என்று அவரும் சாகும் வரை சத்தியம் செய்தார்.

வேலுவை மெட்ராசில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மாள் என் கண்ணையும் சோதித்தார். நான் எல்லாப் பக்கத்தையும் கடகடவென்று படித்தேன், கேட்காத பக்கத்தையும் சேர்த்து. பிறகு, “உங்க அப்பாவுக்கு நிறம் சரியாத் தெரியுமா?” என்று கேட்டார். கிளிப் படகைச் சொன்னேன். அப்படியே உன்னையும், சேலையையும், சிவப்பு மையையும் சொன்னேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். “ரெட்டையா? அச்சு அசல் ஒரே மாதிரியா? அவங்களை உடனே வரச் சொல்லுங்க” என்றார்.

நான் உன்னை அழைக்கவில்லை. டாக்டரம்மா அழைக்கிறார். விலாசம் பின்பக்கம். நீ போகும் நாளில் நான் அங்கே இருக்க மாட்டேன், அதனால் தாராளமாகப் போகலாம். போகும்போது உன் ‘கறுப்பு’ப் பேனாவையும் எடுத்துக்கொண்டு போ.

இந்திராணி


பொன்னேரி,
25-8-1984

இந்திராணிக்கு,

பேனா எந்த நிறம் என்று இனி எனக்கே நம்பிக்கை இல்லாததால் பென்சிலில் எழுதுகிறேன்.

போனேன். அந்தப் புள்ளிப் புத்தகத்தைப் பார்த்தேன். இருபத்தொன்று. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இருபத்தொன்றுதான். அடுத்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வேலு பொய் சொல்லவில்லை. பேனாவையும் காட்டினேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சிவப்பும்மா” என்றார். எனக்குச் சிவப்பு இருண்டுதான் தெரியுமாம். அடர்ந்த சிவப்பு கறுப்பைப் போலவே இருக்குமாம். அப்படியானால் அந்தச் சேலை கறுப்புதான். அதை நான் சித்தி சீராகக் கொண்டுவந்து வைத்ததும் உண்மைதான்.

“ஒரே முகம், ஒரே மச்சம், கண்ணு மட்டும் எப்படி வேறயாச்சு?” என்று கேட்டேன். சண்டையே அதில்தானே? டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன்.

பெண்ணாகப் பிறந்தவளுக்கு, நிறம் பார்க்கும் விவரம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு பிரதி இருக்குமாம். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. நைனா கொடுத்தது பழுது. அம்மா கொடுத்தது நல்லது. நமக்கு இரண்டும் உண்டு, உனக்கும் சரி, எனக்கும் சரி. ஆனால் கருவில் கடுகளவு இருக்கும்போதே ஒவ்வோர் உயிரணுவும் இரண்டில் ஒன்றைச் சுருட்டி மூட்டை கட்டிவிட்டு, மற்றதை வைத்துத்தான் பிழைக்குமாம். எதைச் சுருட்டுவது என்பதில் நியாயம், தர்மம் ஒன்றும் கிடையாது. ஒரு தரம் சுருட்டிவிட்டால், அந்த உயிரணு இரண்டாகி, நாலாகி, கோடியாகப் பெருகினாலும் அதன் வம்சத்தில் ஒருத்தரும் அந்த மூட்டையை அவிழ்ப்பதில்லை.

“எங்க ஏரியில பாடு பிரிக்கச் சீட்டு எடுக்கற மாதிரியா?”ன்னு கேட்டேன். அது என்ன என்று கேட்டார். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுப்போம், எவனுக்கு எது விழுகிறதோ அவன் குடும்பமே அங்கேதான் வலை கட்ட வேண்டும், அழுதாலும் மாற்ற முடியாது என்று சொன்னேன். அதேதான் என்றார். ஒரே வித்தியாசம், ஏரியில் அடுத்த முறை வேறு சீட்டு விழும். உடம்பில் விழுந்தது விழுந்ததுதான்.

என் கண்ணில் விழுந்த சீட்டு அநேகமாக எல்லாமே நைனா பக்கம். உன் கண்ணில் அம்மா பக்கம் வேண்டிய அளவு விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். எல்லா மனுஷருக்கும் ஒரே கருவிலிருந்து கண்ணும் தோலும் ஈரலும் தனித்தனியாகப் பிரிவதும் இப்படி எதையோ திறந்து எதையோ மூடி வைப்பதால்தானாம். திறக்க வேண்டியதை மூடி, மூட வேண்டியதைத் திறந்துவிட்டால் சில நோய்கூட வரலாம், அதையெல்லாம் இப்போதுதான் ஆராய்கிறார்கள் என்றார். மூன்று நிறப் பூனைக்கு உடம்பில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவதும் இந்தச் சீட்டால்தானாம். உன் வீட்டுப் பூனை மூன்று நிறமா? எனக்கு அது ஒரே அழுக்கு நிறம்.

வேலு விஷயத்துக்கு வருகிறேன். ஆணுக்கு அந்த விவரம் ஒரே ஒரு பிரதிதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. உன்னிடம் இருந்த இரண்டில் நைனாவுடையது அவனுக்குப் போய்விட்டது. கண் போட்டது நான் இல்லை. கண் கொடுத்தது நீ. இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மருந்து கிடையாதாம், ஆனால் நிறம் பார்க்கத் தேவையில்லாத வேலை ரயில்வேயிலேயே நிறைய இருக்கிறதாம். அவனிடம் சொல்.

“இதுல யாரு மேலம்மா தப்பு?”ன்னு கடைசியாகக் கேட்டேன். “யார் மேலயும் இல்ல” என்றார். அதைக் கேட்டதும் வந்த அழுகை ரயிலில் ஏறியும் நிற்கவில்லை. இருபத்தைந்து வருஷம் காய்த் தக்காளியை வாங்கி வந்து மாமியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எனக்குப் புத்தி மட்டு என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அனுப்பம்பட்டில் ஏறிய ஒருத்தி, “இன்னாமே, வூட்ல யாராவது பூட்டாங்களா?”ன்னு கேட்டாள். “யாரும் பூடல. எங்க நைனா குடிச்சிட்டு பெயிண்ட் அடிக்கலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது”ன்னு சொன்னேன். அவள் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை, அக்கா. அது எனக்கு அரக்கு.

மனோரமா


பழவேற்காடு,
18-10-1984

தங்கச்சி மனோரமாவுக்கு,

இரண்டு மாசமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், ‘கண் கொடுத்தது நீ’ என்ற இடத்துக்கு வந்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாம் இப்போது பளபளக்கிறது.

முதலில் வேலு. டிக்கெட் கொடுக்கும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். “சித்தியும் இருவத்தொண்ணா?”ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறான். புள்ளிப் புத்தகத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். நைனாவின் படத்துக்கு மாலை போட்டு, குடிகாரர் என்று சொன்னதற்கு அம்மா சார்பில் நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறு நாளில் அவர் குடித்ததற்கு அது செல்லாது.

பந்தலில் நான் உன்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பார்வையைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன். நீ இல்லாமல் இந்த எட்டு மாசம் எனக்கு வீடே பிடிக்கவில்லை. யாரோடு சண்டை போடுவது? உன் மாமா சண்டை போட லாயக்கு இல்லை, எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறார்.

கன்னியம்மாவுக்கு நவம்பர் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முதல் வளையல் நீதான் போட வேண்டும். என் நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன், அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். வளையல் சிவப்பும் பச்சையும் கலந்து வாங்கி வா. கடைக்காரரைக் கேட்டு வாங்கு. கலந்திருக்கிறதா என்று உனக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்குத் தெரியும். பேரன் பிறந்து, நாளைக்கு அவனும் படகுக்குப் பாதிப் பச்சை அடித்தால், சிரிக்கிறவன் யாராக இருந்தாலும் நான் சும்மா விட மாட்டேன்.

இன்னொன்று. சேலையை அடுப்பில் போட்டேன் என்று எழுதியது பொய். போடத்தான் கொண்டுபோனேன். தொட்டுப் பார்த்தேன், நல்ல நூல். பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். வளைகாப்பு அன்றைக்கு அதைத்தான் நான் கட்டப் போகிறேன். என் சம்பந்தியம்மாள் இருசம்மாளிடம், வயிற்றுப் பிள்ளைக்குத் திருஷ்டி படாமல் இருக்கப் பெண்ணைப் பெற்றவள் கறுப்பு கட்டுவது எங்கள் வழி வழக்கம் என்று அடித்துவிட்டேன். “இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? கல்யாணத்துக்கும் அதுக்குத்தான் வச்சீங்களா?”ன்னு அவளே கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது உன்மேல் அவளுக்கு ஏக மரியாதை. நீயும் அதையே சொல்.

உன் அக்கா,
இந்திராணி


பொன்னேரி,
24-10-1984

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பதாம் தேதி வருகிறேன், முதல் பஸ்ஸிலேயே. இவரும் வருகிறார். நண்டுக் குழம்பு உண்டா என்று கேட்கச் சொன்னார். வளையல் வாங்கிவிட்டேன், கடைக்காரரை நாலு தரம் கேட்டு. ஐந்தாம் தரம் கேட்டபோது கடையைச் சாத்தப் போகிறேன் என்றார்.

இருசம்மாள் எதை நம்பினால் எனக்கென்ன? நீ அந்தச் சேலையைக் கட்டு. அன்றைக்குக் கூடத்தில் எல்லோரும் உன்னைக் கறுப்பில் பார்ப்பார்கள். நானும் வேலுவும் மட்டும் நல்ல பழுத்த அரக்கில் பார்ப்போம். நைனா இருந்திருந்தால் அவரும் பார்த்திருப்பார்.

உன் தங்கை,
மனோரமா